தொட்டிக்காரரின் அரை மணி

தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர், நார் ஊறவைக்கும் தொட்டிக்காரர். ஆனால் வாழைநாரைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டால், அரை மணிக்கு மேல் ஒரு நிமிடம் விடமாட்டார். அதற்குள் நாரின் மேலுள்ள மெழுகு கழன்றுவிடும், பலகை செய்யும்போது பசை நன்றாகப் பிடிக்கும். மிஞ்சினால் நார் வெளுத்து வலுவிழக்கும்.

பலகை செய்கிற கம்பெனிக்காரர் நார் பார்க்க வரும் நாள். முதலாளி, "இந்த அரை மணி ஊறின பழுப்பு நாரை மூலையில தள்ளுய்யா. இன்னொரு கட்டை மூணு மணி நேரம் ஊறப்போடு, பளிச்சுன்னு இருக்கட்டும்" என்றார்.

"இத்துப்போயிடும் முதலாளி."

"வேலை வேணுமா, வேணாமா?"

கம்பெனிக்காரர் வந்து, மூன்று மணி நேரம் ஊறிய வெள்ளை நாரை லேசாக இழுத்தார், படக்கென்று அறுந்தது. முதலாளியின் முகம் அதைவிட வெளுத்தது. தொட்டிக்காரர் பழுப்பு நாரை நீட்டினார். வந்தவர் மூச்சுமுட்ட இழுத்துத் தோற்று, ஆர்டர் கொடுத்தார்.

"இதை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே?"

"நீங்க தள்ளச் சொன்ன மூலையிலதான், முதலாளி."