நாலடி உயரப் பழி

வீட்டை நாலடி தூக்கிவிட்டால் எதிர்வீட்டுக்காரர் ஆயுசு முழுக்க என்னை அண்ணாந்து பார்ப்பார் என்று நம்பினேன். ஐம்பதைத் தொட்டவன், மனசார நம்பினேன்.

எங்கள் ஊரான கோவில்பதாகையில் தெருவே வேடிக்கை பார்க்க, அவர் ஜாக்கி வைத்துத் தன் வீட்டை மூன்றடி தூக்கியிருந்தார். வாசல் சரிவு செங்குத்தாகிவிட்டதால் ஸ்கூட்டர் மட்டும் ஏறாமல் தெருவிலேயே நின்றது. அடுத்து வந்த பெருமழையில் என் ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர். நான் மிக்ஸியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டில்மேல் நின்றேன். டிவி கீழேதான் இருந்தது. ஏன் மிக்ஸி என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் அவர் தன் உயரத்திலிருந்து டீ குடித்துக்கொண்டே கேட்டார்:

"இன்னா சார், ஊட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"

அந்த டீயை நான் மன்னிக்கவில்லை. இவர் வீடு உயர்ந்ததால்தான் தண்ணீர் என் பக்கம் திரும்பியது என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அம்பத்தூர் ஆபீசில் என் பிழைப்பே, கட்டப்போகும் கட்டடத்தின் செலவையும் பலனையும் எடைபோடுவது. ஊதிக் காட்டிய பலனைக் குத்திக் காற்றிறக்குவதில் பேர் எடுத்தவன். அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டை நாலடி தூக்கக் கணக்குப் போட்டபோது, வெள்ளம் வருஷா வருஷம் வரும் என்று எழுதினேன். எதிர்வீட்டுக்காரர் முகம் சுருங்குவதையும் பலனில் சேர்க்கப் பார்த்தேன். அதற்கு விலை போடத்தான் தெரியவில்லை. மகள் படிப்புக்கு வைத்திருந்த பிஎஃப் பணம் மொத்தமும் போகும். ஆனாலும் லாபம் என்றே விடை வந்தது. வராமல் எங்கே போகும், வரவைத்தது நான்தானே.

மனைவி அதைப் படித்துவிட்டு, ஆபீஸ் ஃபோனில் நான் ஊரையெல்லாம் கேட்கும் கேள்வியை என்னிடமே கேட்டாள்: ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தரம்தானே தண்ணீர் வந்தது என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அன்னைக்கு வாசல் மிதியடி நனையவே இல்ல. பாத்ரூம் செருப்புதான் ஹாலுக்கு மிதந்து வந்துச்சு. நீங்க மிக்ஸியோட நின்னீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க."

பாத்ரூமில் போய்ப் பார்த்தேன்; சேற்றுக் கறை குழாய் வாயிலிருந்துதான் கிளம்பியிருந்தது. தண்ணீர் தெருவிலிருந்து வரவேயில்லை. பாத்ரூம் கழிவுக் குழாய் வழியாக எதிர்த்து ஏறியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் மேல் தப்பே இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எதிர்த்து வரும் தண்ணீரைத் தடுக்க, குழாயில் ஒரு வால்வு போட்டேன். மகள் பணம் அப்படியே இருந்தது. என் பழியும்தான்.

அடுத்த பெருமழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். என் வாசலில் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. டீயோடு வெளியே வந்தேன். அவர் மேலே நின்று, பாதி முங்கி நின்ற ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார்," என்றேன், "வண்டிக்குள்ள தண்ணி வந்துச்சா?"

என் ஹால் காய்ந்து கிடந்தது. ஸ்கூட்டர் அப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை.