என் பெயரில் எடுத்த நம்பர்

தெமோதரைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள் அவளும் நானும். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்க ஒரே பஸ்ஸில் பதுளைக்குப் போனோம். அவள் மூன்று பாடத்திலும் ஏ எடுத்து மருத்துவ பீடத்துக்குப் போனாள். நான் ஒரு பாடத்தில் தவறினேன். பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து, எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்து சேர்ந்தேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் நெஞ்சுக்குள் ஏதோ கிள்ளுகிறது.

அவள் டொக்டராகி பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவளுக்குத்தான் போன். கோயில் திருவிழாவில் முதல் மாலை அவளுக்கு. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கழுவும் முன்பே அம்மா ஆரம்பித்துவிடுவார். "அந்தப் புள்ள சிங்களத்துல பேசுனா சிங்களவங்களே வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்களாம்." அவளுடைய சேலை, அவளுடைய கார், அவள் நிமிர்ந்து நடக்கும் நடை, எல்லாம் எனக்குத் தனித்தனியாக வலித்தது.

போன வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுக்கு அவள்தான் பிரதம விருந்தினர். அவளை அறிமுகம் செய்து பேசும் வேலையை அதிபர் எனக்குக் கொடுத்தார். விழா தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது முகம் கழுவ வேண்டும் என்றாள். ஆசிரியர் அறைக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் கூட்டிப்போய் விட்டேன். பதினைந்து நிமிடமாகியும் வரவில்லை. தேடிப் போனேன். விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில், பட்டுச் சேலையோடு சிமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு விட முடியாமல் தவித்தாள்.

"யாரையும் கூப்பிடாத. அஞ்சு நிமிசத்துல சரியாயிடும்."

"என்ன செய்யுது உனக்கு?"

"ரொம்ப நாளா இப்படித்தான். வார்டுக்குப் போற வழியில காரை நிப்பாட்டிட்டு அழுவேன். அப்புறம் மூஞ்சியத் தொடச்சிக்கிட்டுப் போவேன். எல்லாரும் எங்கிட்டதான் வர்றாங்க. எனக்கு ஏலாதுன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நிமிடம் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, ஒரு நிம்மதி. இவளுக்கும் இருக்கிறது என்ற நிம்மதி. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. வெட்கமும் நீண்ட நேரம் நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் அவள் மேடையேறி, குறிப்பு ஒன்றும் இல்லாமல், பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கேட்கும்படி பேசினாள். கைதட்டல் அடங்கவே இல்லை. நான் மறுபடி எரிந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவளே எனக்குப் போன் எடுத்தாள். கண்டியில் ஒரு மனநல வைத்தியரைப் பார்க்க வேண்டும், தன் பெயரில் வரிசை நம்பர் எடுத்தால் யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள் என்றாள். "ஓம் பேருல எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். சரி என்றேன், துணைக்கும் போனேன்.

கண்டியில், டொக்டரின் அறைக்கு வெளியே முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் அவள் உட்கார்ந்திருக்க, தாதி என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். எழுந்து திரும்பினால், எங்கள் தோட்டத்துக் கங்காணியின் மனைவி. மூட்டுவலிக்கு அதே கட்டடத்தில் டொக்டரைப் பார்க்க வந்தவர். நான் எந்தக் கதவுக்குள் போகிறேன் என்று நன்றாகப் பார்த்துக்கொண்டார். முகக்கவசத்தோடு என் பின்னால் வந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் தோட்டத்துக்குத் திரும்பி இரண்டே நாளில், டீச்சருக்கு மூளை சரியில்லை என்று லயமெல்லாம் பேச்சு. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். லீவு ஏதும் வேண்டுமா என்று அதிபர் பக்குவமாகக் கேட்டார். அம்மா கோயிலில் கயிறு மந்திரித்து வந்து என் கையில் கட்டிவிட்டு அழுதார்.

நான் வாய் திறக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். அவளுடைய மானம் முழுக்க என் கைக்குள் இருந்தது. அவளிடம் இல்லாத ஒன்று முதல்முறையாக என்னிடம் இருந்தது.

மூன்று வாரம் போனது. அவளுடைய அம்மா மூலமாக விசயம் அவள் காதுக்கு எட்டி, ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாள். நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தாள்.

"அத்த, கண்டிக்கு வைத்தியம் பாக்கப் போனது நான். இவ தொணைக்கு வந்தா. பேரு மட்டுந்தான் இவளோடது."

அம்மாவுக்குப் புரியவில்லை. "ஒனக்கா? ஒனக்கு என்னம்மா கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணுமில்ல அத்த. மனசுக்குச் சொகமில்ல. மருந்து குடிக்கிறேன்."

பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்த் தன் தாயிடமும் அதையே சொன்னாள். சுவர் வழியாக அந்தத் தாய் அழுவது கேட்டது. அவளும் அழுதாள். லயத்தில் யாரும் அவளைக் கேவலமாகப் பேசவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னார், "இத வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும். அவ அவதான்." மூன்று வாரம் அவள் நோயைச் சுமந்து திரிந்தவள் நான். என்னை யாரும் தைரியசாலி என்று சொல்லவில்லை. அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனேன்.

அடுத்த மாதமும் அவளோடு கண்டிக்குப் போனேன். இந்தத் தடவை நம்பர் அவள் பெயரில். கார் வெலிமடை தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"சின்ன வயசுலருந்து ஒம்மேல எனக்குப் பொறாம. இப்பவும்."

"தெரியும்," என்றாள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதனாலதான் ஒன்னைக் கூட்டிட்டுப் போனேன். மத்தவங்க என்னை சாமி மாதிரி பாக்குறாங்க. நீ ஒருத்திதான் மனுசியாப் பாத்து எரிஞ்சே."

இப்போது அவளுக்குப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனை நிறுத்திவைக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் இன்னும் குணமாகவில்லை. அன்றைக்குக் காரில் அவள் சொன்ன பதிலைக்கூட, இதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கண்டி வரைக்கும் போனேன்.