கண்மாய்க்கரையில் அறுத்த நீர்நாய்

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருடம், மாசி மாதம். மதுரையில் காலை ஏழரை மணி வண்டி ஏறினேன். சமயநல்லூருக்கு மூன்றாம் வகுப்பு இரண்டணா. விலங்குகளின் குடலில் வாழும் புழுக்களை ஆராய்வது என் தொழில். நீர்நாய்கள் இந்தப் பக்கம் அருகிவிட்டன. ஒரு கண்மாயில் நீர்நாய்க்குப் பொறி வைத்திருப்பதாக அங்குள்ள பள்ளி ஆசிரியர் எழுதியிருந்தார்.

ஸ்டேஷனில் மாட்டுவண்டியோடு நின்றவர் பெரியகருப்பன், உழுது பிழைக்கும் சம்சாரி, முப்பது வயதிருக்கும். ஊர் இரண்டு மைல். ஊர்ப் பெயரை நான் எழுதப்போவதில்லை.

"விடியக்காலை மாட்டுச்சுய்யா. அடிச்சுப் போட்டேன்."

"மீனைத் தின்கிறதென்றா?"

மாட்டைத் தட்டிவிட்டுத்தான் பதில் சொன்னார். "எம் பிள்ளையத் தின்னுருச்சுய்யா."

இருபது நாளைக்கு முன், பிறந்த மூன்றாம் நாளே இறந்த குழந்தையைக் கண்மாய்க்கரையில் புதைத்திருக்கிறார்கள். மறுநாள் குழி தோண்டிக் கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. சுற்றிலும் ஈரத்தில் நீர்நாயின் தடம்.

"வகுத்துல என்ன இருக்குன்னு எம் பொஞ்சாதி முன்னால நீங்க சொல்லணும்."

ஒன்பது மணிக்குக் கருவேல மரத்தடியில் அறுத்தேன். அவர் மனைவி பேச்சி எதிரே குந்தியிருந்தாள். இரைப்பையில் மீன் முள், நண்டு ஓடு. குடலைப் பிளந்ததும் வெள்ளைப் புழுக்கள் கொத்தாக வெளியே வழிந்தன. விலங்கு செத்து நாலு மணி நேரமாகியும் அவை வெயிலில் நெளிந்துகொண்டிருந்தன; தாங்கள் குடியிருந்த உடல் போய்விட்டது அவற்றுக்குத் தெரியவில்லை.

"பிள்ளை இல்லை," என்றேன். இருபது நாள் கழித்து எந்த வயிறும் எதையும் காட்டாது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உடலைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். பெட்டை. காம்புகளில் பால் கசிந்தது.

அப்போது கோரைப் புதருக்குள்ளிருந்து ஓர் அழுகுரல் எழுந்தது. பச்சைக் குழந்தையின் குரலேதான். பெரியகருப்பனின் முகம் வெளுத்தது. பேச்சியின் சேலை மார்புப் பக்கம் நனைந்து கறுத்துக்கொண்டே வந்தது. அவள் எழுந்து இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினாள். கோரை அவளை மறைத்தது. குரல் நின்றது.

"ஏய், பேச்சி!" என்று அவர் கத்தினார்.

எவ்வளவு நேரம் நின்றோமோ! அவள் கரையேறியபோது முந்தானைக்குள் ஏதோ அசைந்தது. கண் திறந்தும் திறவாத ஒரு குட்டி. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சப்பும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாயங்காலம் ஸ்டேஷனில் அவரிடம் சொன்னேன்: "தாயின் வயிற்றில் இருந்த புழு குட்டியிடமும் இருக்கலாம். மனிதருக்கும் ஒட்டுமோ என்னவோ, எனக்கே தெரியாது. விலக்கி வைப்பதுதான் நல்லது."

"இருந்தா இருந்துட்டுப் போகுதுய்யா," என்றார் அவர். "பிள்ளை செத்ததுலருந்து அவ வாயே தெறக்கல. இப்ப அதுகிட்ட என்னமோ பேசிக்கிட்டே இருக்கா. நான் கிட்டப் போனா நிறுத்திர்றா."

வண்டி வந்தது. அவர் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். வீட்டுப் பக்கம் திரும்பாமல் அங்கேயே நின்றார்.