உப்புக்கு முன்னால் எடுத்து வைத்த கஞ்சி

உப்பளம் என்கிற பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமை மதியங்களில் ஜீனத்துன்னிசா மாமி வீட்டில் கூடுவோம். தொழுகை முடிந்ததும் மாமி அரைமணி நேரம் ஏதாவது பேசுவார். பெரிய படிப்பு இல்லை. அரபி ஓதுவார், தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். அவர் கணவர் அப்துல் முத்தலிப் பெரிய மார்க்கெட் பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்தார்.

2005இல் மாமியின் தங்கைக்குச் சர்க்கரை முற்றி ஒரு காலை எடுத்தார்கள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தங்கையைக் கொண்டுவந்து விட்ட அன்று, அவள் அடுக்களை அலமாரியைத் திறந்தால் எல்லாம் பாக்கெட்டும் பாட்டிலும். மாமி அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பேச்சு சாப்பாட்டின் பக்கம் திரும்பியது.

"ஹலாலான்னு மட்டும் கேக்கறோம். வேதத்துல அதுகூடவே தய்யிபுன்னும் வருதே, நல்லதா சுத்தமானதான்னு. அத ஏன் கேக்க மாட்டேங்கறோம்? இந்த ஒடம்பு அல்லா நம்மகிட்ட குடுத்து வெச்சிருக்கற அமானிதம். எந்த லட்சணத்துல திருப்பிக் குடுக்கப் போறோம்?"

எங்களில் பலர் பாக்கெட் மசாலாவை விட்டோம். நான்கூட மிளகாய், மல்லி வாங்கி மெஷினில் கொடுத்து அரைக்க ஆரம்பித்தேன். தெருவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், மாமி வீட்டுச் சாப்பாடு என்றால் பயமில்லாமல் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது.

மாமி வீட்டை ஒட்டிய வீட்டில் கலியபெருமாள் அண்ணன் இருந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிட்னி கெட்டுப்போய், உப்பை ஒதுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு ரமலானிலும் மாமி வீட்டு நோன்புக் கஞ்சிக்கு அவர் காத்திருப்பார். அவருடைய பங்கை உப்புப் போடுவதற்கு முன்னாலேயே மாமி தனியாக எடுத்து வைப்பார். சாயங்காலம் அவர் மனைவி அஞ்சலாட்சி வந்து வாங்கிப் போவார்.

2006 ரமலானில் ஐந்தாவது நோன்பு. சமைக்கிற நோன்பாளி ருசியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பலாம் என்பார்கள். மாமிக்கு அதில் மனம் ஒப்பாது. அன்றைக்குக் கஞ்சி சரியாக அமையவில்லை. "என்னா, சப்புன்னு இருக்கு," என்றார் முத்தலிப். சாதாரணமாகத்தான் சொன்னார். மாமிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் பூண்டு வதக்கும்போது, மாடியில் மருமகள் நூரீன் வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு மசாலாக் கட்டியை எடுத்துவந்து போட்டார். சூப்பில் போடுகிற கட்டி. அன்று எல்லோருமே கஞ்சியைப் புகழ்ந்தோம். அதற்கடுத்த நாள் இரண்டு கட்டி போட்டார். பிறகு தினமும்.

இருபதாவது நோன்பு வாக்கில் கலியபெருமாள் அண்ணனுக்குக் கால் இரண்டும் வீங்கின. மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்த அஞ்சலாட்சி, மாமியைப் பார்த்ததும் நின்றார்.

"டாக்டரு திட்டறாருக்கா. உப்பு எங்கிருந்தோ போவுதுன்றாரு. நான் ஒரு கல்லு போடல. வெளில ஒண்ணும் வாங்கித் தரல. உங்க கஞ்சி ஒண்ணுதான். அதையும் நீங்க உப்புக்கு முன்னாடியே எடுத்து வெச்சிடுறீங்க."

அஞ்சலாட்சி போனதும் மாமி மாடிக்குப் போய் டப்பாவை நூரீன் கையில் கொடுத்தார்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"மொதல்ல போட்டிருக்கறதே உப்புதான் மாமி. ஏன்?"

இதை என்னிடம் சொன்னபோது மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாதுன்னா அது பொய். தெரிஞ்சிக்க வேணாம்னு இருந்தேன். டப்பாவுல சைவம்னு பச்சைப் புள்ளி இருக்கு, ஹலால்தான்னு அதோட நிறுத்திக்கிட்டேன். அவரு பங்க எடுத்து வெக்கிற நேரத்துல அந்தக் கட்டி ஞாபகம் வரும். வேற வேலயப் பாப்பேன்."

மறுநாள் காலை நோன்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தார். மாமி உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"சொல்லியிருந்தா வேணாம்னு இருந்திருப்போம்," என்றார் அஞ்சலாட்சி. "ஊருக்கெல்லாம் சொல்றீங்களேன்னுதான் நம்பிக் குடுத்தேன்."

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்து உள்ளே போய்விட்டார். மாமி உப்பளத்துக்கு நடந்தே திரும்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதைச் சொன்னார். சொல்லி முடித்ததும் யாரோ, "இதுக்குப் போயா மாமி? நாங்க எல்லாருமே நோன்புக்கு ஒண்ணு ரெண்டு போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்," என்றார்கள். சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் வீட்டு டப்பாவில் மூன்று கட்டிகள் மிச்சம் இருந்தன.

மாமி சிரிக்கவில்லை. "அப்ப ஒரு வருஷமா நான் பேசினது எனக்கும் ஏறல, உங்களுக்கும் ஏறல," என்றார். அன்றோடு அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். நாங்கள் கேட்டால், "வேற யாராவது பேசுங்கம்மா," என்பார்.

கலியபெருமாள் அண்ணன் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்துவிட்டு வீடு திரும்பினார். முன்போல நடை இல்லை. மாமி பெருநாளன்றும் அந்த வீட்டுக்கு எதுவும் கொடுத்தனுப்பவில்லை. வாசலில் அஞ்சலாட்சி நிற்பது தெரிந்தால், மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியில் போவார். பத்துப் பதினோரு மாதம் இப்படியே போனது.

அடுத்த ரமலானில் மாமி மசாலாக் கட்டியை விட்டு, கஞ்சிக்கு எலும்பைக் காலையிலேயே அடுப்பில் போட்டார். ருசி எப்படி வந்தாலும் அப்படியே பரிமாறினார். மூன்றாவது நோன்பன்று சாயங்காலம் அஞ்சலாட்சி அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"அவரு கேக்கறாருக்கா. ஒரு டம்ளர் போதும்."

"உள்ள வா அஞ்சலாட்சி. நீயே நின்னு பாரு. என்னென்ன போடறேன்னு பாத்து எடுத்துக்க."

"நான் எதுக்குப் பாக்கணும்? நீங்க சொன்னா போதும்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை என்று மாமி என்னிடம் சொன்னார். கெஞ்சி அவரை உள்ளே கூப்பிட்டு, அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினார். அஞ்சலாட்சி பாதிவரை பார்த்துவிட்டு, "நேரமாவுதுக்கா, நோன்பு தொறக்கப் பாங்கு சொல்லிடுவாங்க," என்று டம்ளரை நீட்டினார்.