பிச்சைமுத்துவைப் பதிவு செய்த சபீதா

நம் மருத்துவமனையின் அய்யலூர் கிளையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்றபோது போன் அடித்தது. சபீதாவின் தம்பி. “அண்ணே, அக்கா மௌத்தாயிட்டாங்க. காலைல மயங்கி விழுந்தாங்க, அம்புட்டுத்தான்.” ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. சபீதா என்னைவிட இரண்டு வயது இளையவர். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

நம் மருத்துவமனையின் கணினி அறையில் நானும் அவரும் எதிரெதிர் மேசை. திண்டுக்கல் பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருந்தவரின் மகள். வாய் கொஞ்சம் நீளம். நானும் சளைத்தவனில்லை என்பதால் எங்கள் சண்டை வார்டு வரைக்கும் கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

அறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. நம் சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருளை அதில் நிறுவியவன் நான். ஒவ்வொரு சர்வரையும் நிமிடத்துக்கு ஒரு முறை அது கூப்பிடும். ‘இருக்கிறேன்’ என்று பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. திரை முழுக்கப் பச்சையாக இருப்பதைப் பார்த்து நான் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். சபீதா ஒரு நாள் கேட்டார்: “ஏண்ணே, கடை ஷட்டரைத் தூக்கியிருக்குன்னா பிரியாணி இருக்குன்னு அர்த்தமா? உள்ள போய்க் கேக்க வேணாமா?”

கேட்டதோடு விடவில்லை. பிச்சைமுத்து, வயது ஐம்பது, ஊர் சித்தையன்கோட்டை என்று ஒரு நோயாளியைப் பதிவு செய்தார். அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவர் பெயரில் ஒரு சர்க்கரைப் பரிசோதனை தானாகக் கிளம்பும். நிஜ நோயாளிகளின் பரிசோதனை முடிவு போகும் அதே வழியில் போய், டாக்டரின் திரையில் விழ வேண்டும். விழாவிட்டால் சிவப்பு, கூடவே அலாரம்.

முதல் வாரம் சிரிப்பாய்ச் சிரித்தது. நோயாளிகள் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு, சமையல்கட்டிலிருந்து கஞ்சி டம்ளரோடு வந்த ஓர் அம்மா, “இந்தப் பிச்சைமுத்து எந்தக் கட்டில்லதான் இருக்காரு?” என்று மூன்று மாடியும் ஏறி இறங்கினார். தினமும் காலையில் லேபில் கணினியை அணைத்து மறுபடி போடும்போது அலாரம் அலறியது. நிர்வாகி கூப்பிட்டு விசாரித்தார். நான் முந்திக்கொண்டேன். “புலி வருது கதைதான் சார். நெஜமாவே வர்ற அன்னைக்கு ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். எடுத்துருவோம்.”

சபீதாவின் முகம் சிவந்துவிட்டது. “அதை எடுக்குறதுனா என்னையும் சேத்து எடுங்க சார்” என்றார். நிர்வாகி சனிக்கிழமை வரை கெடு கொடுத்தார். அன்றே சபீதா உட்கார்ந்து திருத்தினார்: ஒரு முறை தவறினால் பொறுத்துக்கொள், இரண்டாவது முறையும் தவறினால் மட்டும் கத்து. அதன் பிறகு அலாரம் வாயே திறக்கவில்லை. இது இனிமேல் எதற்கும் கத்தாது என்று அதற்கும் கேலி பேசினேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. திரை முழுக்கப் பச்சை. பிச்சைமுத்து மட்டும் சிவப்பு, கூடவே அலாரம். “ஆரம்பிச்சிருச்சுய்யா!” என்றேன். சபீதா செருப்பைக்கூட மாட்டாமல் மாடியில் இருந்த லேபுக்கு ஓடினார்.

நடந்தது இதுதான். முடிவுகளை லேபிலிருந்து டாக்டர்களுக்கு அனுப்பும் நிரல் உறைந்து நின்றுவிட்டது. சர்வரோ கூப்பிட்ட குரலுக்கு ‘இருக்கிறேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. முடிவு போய்விட்டது என்று லேப் நினைத்தது. இன்னும் வரவில்லை என்று டாக்டர் நினைத்தார். நடுவில் சிக்கிக் கிடந்தது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தைக்கும் ஓர் அம்மாளின் முடிவு. டயாலிசிஸுக்கு வருபவர். ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் இதயம் நின்றுபோகும் அளவு.

சபீதா அந்தத் தாளை அச்சடித்து எடுத்துக்கொண்டு, “டாக்டர்! டாக்டர்!” என்று கத்தியபடி படி இறங்கினார். ஊசி போட்டார்கள், மானிட்டரில் இதயத் துடிப்பு சீரானது, டாக்டர் பெருமூச்சு விட்டார். அந்த அம்மாளின் கணவர் கைகூப்பிக் கேட்டார்: “ஏனுங்க, நீங்களும் டாக்டருங்களா?”

“இல்லண்ணே,” என்றார் சபீதா, மூச்சு வாங்க. “நான் கம்ப்யூட்டரு.”

வார்டே கைதட்டியது. ஐயோ, அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! உலகக் கோப்பையை வாங்கியவர் மாதிரி நின்றார். நிர்வாகி முன்னால் நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். வெளியே வந்ததும் அவர் சொன்னார்: “தப்புன்னு சொன்னது போதும்ணே, வாங்க, மத்ததுக்கும் சோதனை எழுதுவோம்.” மருந்தகம், ஸ்கேன், ரத்த வங்கி என்று எல்லாவற்றுக்கும் உள்ளே போய்க் கேட்கும் சோதனைகளை இருவருமாக எழுதினோம். இப்போது மற்ற ஊர்க் கிளைகளிலிருந்து வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

அவர் அடக்கத்தன்று பேகம்பூர் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். அதற்கு நடுவே மூட்டை தைக்கும் அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து, “எனக்காக வெறுங்காலோட ஓடியாந்த புள்ளைங்க இது” என்று யாரிடமோ சொல்லி அழுதுகொண்டிருந்தார். சபீதாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவரிடம் தோற்ற அந்தச் சனிக்கிழமையைத்தான். அன்று நான் ஜெயித்திருந்தால், அழுவதற்கு அந்த அம்மாள் இருந்திருக்க மாட்டார்.