குருவியைக் காட்டிக்கொடுத்தது நான்தான்

போன புதன்கிழமை புளியந்தீவில் ஒரு கூட்டம். வாவிப் பறவைகளைப் பாதுகாப்பது பற்றி. இந்தப் பத்தியில் அடிக்கடி கொக்கு, குருவி என்று எழுதுகிறேன் அல்லவா? அதனால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

பேசியவர் இளவயது. திரையில் படங்களைக் காட்டி நன்றாகத்தான் பேசினார். நடுவில் ஒரு வசனம் சொன்னார்.

"சண்டை இந்த வாவிக்கு ஒரு நன்மையும் செய்தது. மனிதர் போக முடியாததால் திட்டுகளில் பறவைகள் தப்பின."

சபையில் பத்துத் தலை ஆமோதித்து ஆடியது. நான் கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸைக் கீழே வைத்தேன்.

ஏனென்றால் அப்போது திரையில் நின்றது எனக்குத் தெரிந்த குருவி. கோழியளவு உடம்பு. மணல் நிறம். நீண்ட கால். முகத்துக்குப் பொருந்தாத பெரிய மஞ்சள் கண். தடித்த சொண்டு. எங்கள் நாட்டிலேயே அதிகம் கிடையாது. கூடு கட்டாது. வெறும் மணலில் ஒரு முட்டை, மிஞ்சினால் இரண்டு. ஒரு நாய் போனால் போச்சு. ஒரு மாடு மிதித்தால் அந்த வருஷம் முடிந்தது.

அதைச் சண்டை காப்பாற்றியதாம். சண்டைக்குக் கண் இருக்கிறதா, முட்டையைப் பார்த்துக் காலைத் தூக்கி வைக்க?

நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தத் துறை என்று மட்டும் கேட்காதீர்கள். மண்டூர்ப் பக்கமா, பனிச்சங்கேணிப் பக்கமா... சொல்லமாட்டேன்.

அப்போது நான் மிட்வைஃப், ஊரார் வாயில் 'மிஸி'. இருப்பது ஆமியின் கையிலிருந்த எழுவான்கரையில், வாவியின் கிழக்குப் பக்கம். வேலை, எதிர்க்கரையில், இயக்கத்தின் கையிலிருந்த படுவான்கரைக் கிராமங்களில். காலையில் பாதை ஏறுவேன். எங்கள் ஊரில் பாதை என்றால் ரோட்டு அல்ல, ஆற்றைக் கடக்கிற மிதவை. வாவியையும் நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றின் நடுவே, தண்ணீர் வற்றும் காலத்தில் ஒரு மணல்திட்டு தலை காட்டும். அதில்தான் இந்தக் குருவியில் ஒரு சோடி. ஒரு பாதிரியார் ஊரைவிட்டுப் போகும்போது தந்த பறவைப் புத்தகம் என்னிடம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அதன் அருமை எனக்குத் தெரியும். ஊரில் அதற்குத் தனிப்பெயர் இல்லை.

ஒரு நாள் விடிவதற்குச் சற்று முன் அந்தச் சோடி கத்தியது. உடனே எங்கள் கரையில் ஆமி காவல் நிற்கும் சென்றியிலிருந்து தண்ணீரை நோக்கித் துப்பாக்கிச் சூடு. திட்டருகே வந்துகொண்டிருந்த இயக்கத்தின் வள்ளம் திரும்பிப் போய்விட்டது. ஆளுக்குச் சேதமில்லை.

அந்த நேரம் நான் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தவர் பிள்ளைத்தாய்ச்சியின் தகப்பன் தங்கராசா அண்ணன். படுவான்கரையில் மீன்பிடிக்கிறவர். மகளுக்காக இந்தக் கரைக்கு வந்திருந்தார். சூட்டுச் சத்தத்தோடு சத்தமாகப் பிள்ளையும் கத்தியது. பெண் குழந்தை.

காலைப் பாதை பிந்தித்தான் வெளிக்கிட்டது. இருபது பேர் இருந்தோம். தங்கராசா அண்ணன் ஒரு பை டொபியோடு ஏறினார்.

"பேத்தி. விடியப்புறம் பிறந்தது. எடுங்ககா, எடுங்க."

வாயில் டொபி இருந்தாலும் பயம் பயம்தானே. யாரோ மெதுவாகக் கேட்டார்கள், "இருட்டுக்குள்ள வந்த வள்ளத்த ஆமி எப்படிக் கண்டான்?"

"ஆரோ சொல்லிக் குடுத்திரிக்கான்."

எல்லாரும் காலடியைப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"ஆள் ஒண்டும் சொல்லல்ல. அந்தத் திட்டில நிக்கிற ரெண்டும்தான் ஆட்காட்டி. அதுகள் இருக்குமட்டும் இந்த ஆற்றில ஒருத்தரும் களவாப் போகேலா," என்றேன்.

சிரித்தார்கள். தங்கராசா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "மெதுவாக் கதைங்க மிஸி," என்றார்.

ஒரு மனிதன் மேல் சந்தேகம் விழக்கூடாது என்று குருவியைச் சொன்னேன் – இப்படி எழுத எனக்கும் ஆசைதான். பொய். புத்தகம் படித்தவள் என்ற கொழுப்பு. வேறொன்றுமில்லை.

உண்மையான ஆட்காட்டி வேறு. வயலில் திரிவது. ஆளைக் கண்டால் கத்தும், அதனால் அந்தப் பெயர். ஆனால் அந்த வருஷங்களில் அது குருவியின் பெயராகவா இருந்தது? அந்தச் சொல்லை அட்டையில் எழுதி, சுட்டுப்போட்ட மனிதர்களின் கழுத்தில் கொழுவினார்கள். அதை வேடிக்கையாகச் சொன்ன வாய் என் வாய்.

நாலாம் நாள் தங்கராசா அண்ணன் என் படுவான்கரைக் கிளினிக் வாசலில் நின்றார்.

"நீங்க சொன்ன கதை இயக்கத்திட்டப் போயிட்டு மிஸி. ரெண்டையும் கண்ணி வச்சுப் பிடிச்சு முடிக்கட்டாம். முட்டை இருந்தா உடைக்கட்டாம். திட்டுக்குப் பக்கத்தில வலை போடுறவன் நான்தானே, என்னட்டச் சொல்லி இரிக்காங்க."

"முட்டை இரிக்கா?"

"ஒண்டு. பொரிக்க எத்தின நாள் செல்லும்?"

"எனக்கு மனுசப் பிரசவம்தான் தெரியும் அண்ண. நாலு கிழமை செல்லும் எண்டு நினைக்கிறன்."

"சரி. நான் போய்க் கதைச்சிட்டு வாறன்."

வரவேண்டாம் என்றார். என் வாயால் வந்த வினை, நானும் போனேன்.

பழைய நெல் ஸ்டோர் ஒன்றின் வாசலில் இயக்கத்தின் பொறுப்பாளர் இருந்தார். இருபத்திரண்டு வயது இருக்கலாம். அருகில் இரண்டு பேர்.

"ஆக்காட்டி எண்டா என்ன?" அவரே கேட்டு அவரே சொன்னார். "ஆளக் காட்டிக் குடுக்கிறது. பேரிலேயே இரிக்கு."

"அது ஆக்காட்டியே இல்ல தம்பி. ஆக்காட்டி சின்னன். கண்ணுக்கிட்டச் சிவப்பா ஒரு தசை இரிக்கும். இது வேற சாதி," என்றார் தங்கராசா அண்ணன்.

"மிஸிதானே பாதையில சொன்னவ?"

"மிஸி டவுன் ஆள். கோழியையும் புத்தகத்தப் பாத்துத்தான் கோழி எண்டுவா."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொறுப்பாளருக்கும் உதட்டோரம் அசைந்தது.

"அப்ப அண்டைக்குக் கத்தினது ஆரு?"

"கத்தினது அதுதான். கத்த வச்சது நான். விடியக்கு முன்னம் வலை இழுக்கத் திட்டில இறங்கினன். அதுதான் கிளம்பிக் கத்தினது."

விடியும் முன் ஒருவரும் ஆற்றில் இறங்கக்கூடாது என்பது அவர்கள் போட்ட சட்டம்.

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்."

சூடு நடந்த நேரம் தங்கராசா அண்ணன் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தார். எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேனா? இல்லை. அந்த ஒரு முறை எனக்கு அறிவு இருந்தது.

தோணியைப் பறித்தார்கள். ஒரு மாதம் பங்கர்க் குழி வெட்டும் தண்டனை. குருவியை விட்டுவிட்டார்கள். குற்றவாளிதான் கிடைத்துவிட்டானே.

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம். "ஒரு முட்டைக்காகவா அண்ண?" என்று கேட்டேன்.

"முட்டைக்கு இல்ல மிஸி. பேருக்கு." சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். "என்ட தம்பிக்கும் அதைத்தான் எழுதிக் கொழுவினாங்க. எந்தப் பக்கத்தான் எழுதின எண்டு இண்டைக்கும் தெரியா. அவன் அப்பிடி ஆள் இல்ல எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு நான் வாய் திறக்கல்ல."



அடுத்த நாள் பாதையில் ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கராசா அண்ணன் டொபி கொடுத்ததை இருபது பேர் பார்த்தவர்கள். விடியப்புறம் பேத்தி என்று அவரே வாய் ஓயாமல் சொன்னவர். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் போய் இயக்கத்திடம் அதைச் சொன்னால் போதும். பொய் சொன்ன குற்றமும் சேரும். என் பகிடிப் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இந்த இருபதில் ஒரு வாய்தானே?

புதிதாக ஏறிய ஒருவர் கேட்டார், "தங்கராசாவக் காணல்ல?"

அன்றைக்கு இரண்டு டொபி எடுத்த மனுசி ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "பங்கர் வெட்டப் போயிட்டாராம். விடியக்கு முன்னம் வலை இழுத்தாராம்."

"ஓமாம்," என்றார் இன்னொருவர். "திட்டில இறங்கினாராம்."

ஓமாம், ஓமாம் என்று பாதை முழுக்கப் போனது. அந்த மாதம் முழுவதும் ஒருவரும் வேறு கதை சொல்லவில்லை.

ஒவ்வொரு நாளும் திட்டைப் பார்ப்பேன். ஒன்று படுத்திருக்கும், ஒன்று காவல் நிற்கும். ஒரு காலை இரண்டும் தண்ணீரோரம் நடந்தன. பின்னால் ஒரு பிடி மணல் நகர்ந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். மணல் அல்ல, குஞ்சு.

தங்கராசா அண்ணன் திரும்பி வந்தபோது இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். மருந்து கட்டும்போது கேட்டார், "இரிக்கா?"

"ரெண்டு இருந்தது. இப்ப மூண்டு."

தலையை ஆட்டினார். மற்றக் கையை நீட்டினார்.

தோணி திரும்பக் கிடைக்கவில்லை. கூலிக்குத்தான் போனார். இதைத்தான் சண்டை செய்த நன்மை என்கிறார்கள்.

கூட்டத்தில் இவ்வளவையும் சொன்னேன். பேசிய தம்பி நல்ல பிள்ளை, எழுதியெல்லாம் எடுத்தார். முடிவில் ஒரு வரைபடத்தை விரித்தார். அந்த இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை வைக்கலாம், உல்லாசப் பயணிகளை வள்ளத்தில் கூட்டிப்போய்க் காட்டலாம், விழிப்புணர்வு வரும் என்றார். பேனையை என்னிடம் நீட்டினார்.

"அந்தத் திட்டு எது அம்மா? ஒரு புள்ளி போட்டுவிடுங்கள்."

இரண்டு கிழமைக்கு முன்னும் அங்கே ஒரு சோடி நின்றதைப் பார்த்தவள் நான்.

"தெரியாது," என்றேன். அந்தப் பாதையில் வந்த இருபது பேரில் நானும் ஒருத்தி அல்லவா?