உதாரணத்துக்குச் சொன்ன வாக்கியம்

போன வருடம் தீபாவளி முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், மலேசியப் பக்கம் இருக்கும் தெப்ராவில் எங்கள் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு நடக்கும். அங்கேதான் இது நடந்தது.

நான் பண்டார் தெங்காரா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்று தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்க என் பெயர் போட்ட பஸ்கள் ஓடுகின்றன. சிங்கப்பூர்க்காரர்களிடம் வாயாலேயே ஆங்கிலம் பேசி ஒப்பந்தம் வாங்கியவன் நான். மண்டபத்து வெள்ளைப் பலகைகூட நான் வாங்கிக் கொடுத்ததுதான். பிறகு முன்வரிசையில் உட்கார எனக்கு உரிமை இல்லையா?

அன்றைய பாடம், ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் 'டு' போடுவதா, 'இங்' ஒட்டுவதா என்பது. 'வான்ட்' என்றால் 'டு' வருமாம், 'என்ஜாய்' என்றால் 'இங்' வருமாம். ஏன் என்று கேட்டால், அப்படித்தான் என்றார் டீச்சர். வழக்கம்போல ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். சமைப்பது பிடிக்கும், லங்காவி போக ஆசை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னோம். உண்மையா பொய்யா என்று யாரும் பார்ப்பதில்லை, இலக்கணம் சரியாக இருந்தால் போதும்.

என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். தமிழ்நாட்டிலிருந்து டோபிக் கடை வேலைக்கு வந்தவள். கடைக்குச் சிங்கப்பூர்க்காரர்கள் துணி கொண்டுவருவதால், பேசப் பழகட்டும் என்று முதலாளியே அனுப்பியிருந்தார். துணைக்கு அவருடைய மைத்துனியும் வருவார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. பின்வரிசையில் உட்கார்ந்து போனில் நாடகம் பார்ப்பார். இயர்போன் ஒரு காதில்தான் இருக்கும், மறு காது இந்தப் பெண் பக்கம்.

அவள் முறை வந்தது. எழுந்தாள்.

"ஐ வான்ட் டு கோ ஹோம். தே ரெஃப்யூஸ் டு லெட் மீ கோ."

ஊருக்குப் போக வேண்டும், விட மாட்டேன் என்கிறார்கள். 'டு' இரண்டும் சரி. "வெரி குட்," என்றார் டீச்சர். நாங்கள் கை தட்டினோம். தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அவள் உட்காராமல் பின்வரிசையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா உதாரணம் சொல்கிறவள் எதற்கு மைத்துனியைப் பார்க்க வேண்டும்?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளோடு கொஞ்சம் பேசிப் பழகுகிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, பாடம் கேட்பதுபோலவே கேட்டேன்.

"யூ வான்ட் கோயிங் ஹோம், வை நாட் கோயிங்?"

வகுப்பே சிரித்தது. "வான்ட் டு கோ, அங்கிள்," என்று டீச்சர் திருத்தினார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"மை காண்ட்ராக்ட் ஃபினிஷ். தே கீப் சேயிங் நோ. ஐ ஆம் அஃப்ரெய்ட் டு டெல்."

ஒப்பந்தம் முடிந்தும் அனுப்ப மறுக்கிறார்கள், வெளியே சொல்லப் பயம். சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. பலகைக்குப் போன டீச்சரின் கை பாதியில் நின்றது. பின்னாலிருந்து மைத்துனி இயர்போனைக் கழற்றினார்.

"என்னாங்க எல்லாம் கப்சிப்புனு ஆயிட்டீங்க? இவ தப்பா சொல்லிட்டாளா?"

"இல்லம்மா," என்றேன். "இது நல்லா படிக்குது. தப்பு வுட்டது நான்தான்லா."

அவர் மறுபடி நாடகத்துக்குள் போய்விட்டார்.

மறுநாள் டீச்சரும் நானும் தொழிலாளர் இலாகாவில் போய்ச் சொன்னோம். அதிகாரிகள் கடைக்கு வந்த பிறகுதான் முதலாளியின் வீட்டு அலமாரியிலிருந்து அவளுடைய பாஸ்போர்ட் வெளியே வந்தது. ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்துக்கு என் காரிலேயே ஏற்றிப் போனேன். டீச்சரும் கூட வந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே, என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"தமிழ்ல சொன்னா அது புகாருங்கய்யா, அந்தக்கா காதுல விழுந்துரும்," என்றாள். "இங்கிலீசுல சொன்னா பாடந்தானே. அதான் வாராவாரம் சொன்னேன்."

வாராவாரமா? டீச்சர் முகத்தை மூடிக்கொண்டார். மகளைப் பார்க்க ஆசை, தூங்குவதை நிறுத்திவிட்டேன் என்று அவள் முன்பு சொன்னதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக எங்களுக்கு நினைவுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் 'வெரி குட்'. இத்தனை பேரை ஆட்டி வைத்து வேலை வாங்குகிறவன் நான், ஆள் முகம் பார்த்தே எடை போடுகிறவன். பக்கத்து நாற்காலி முகத்தை மட்டும் அதுவரை ஒரு வாரமும் பார்க்கவில்லை.

ஒருத்தி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று உதவி கேட்டுக்கொண்டே இருந்தாள், நாங்கள் வாக்கியம் சரியாக இருக்கிறது என்று கை தட்டிக்கொண்டே இருந்தோம்.